2024-இல் வந்த சின்னப் படங்கள்: தியேட்டருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டுமா?

2024 டிசம்பர் 22, ஞாயிறு

ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சுயாதீனப் படங்களுக்கு எதற்குத் தியேட்டர்? பாட்டு இல்லை, சண்டை இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும். பெங்களூரு டிராஃபிக்கில் அடித்துப் பிடித்துப் போய்ப் பார்க்கிற மாதிரி இந்த வருஷம் ஒரு படம் வந்ததா? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்."

ஒன்றென்ன, நிறையவே சொல்லலாம். ஒரே நாளில் எழுதி முடியாது. ஞாபகம் வர வர எழுதுகிறேன்.

முதலில் கொட்டுக்காளி. ஆகஸ்ட் 23 அன்று வந்தது, பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். பின்னணி இசை அறவே கிடையாது. ஒரு ஷேர் ஆட்டோ, கூடவே சில பைக்குகள், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல், தொண்டை கட்டிக் கரகரத்த குரலில் சூரி, கிட்டத்தட்டப் பேசாமலே வரும் அன்னா பென். வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறது. கதை அவ்வளவுதான்.

வீட்டில் பார்த்தால் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்றுதான் தோன்றும். வீட்டில் அமைதி என்று ஒன்று கிடையாது. ஃபேன் ஓடும், குக்கர் விசிலடிக்கும், தெருவில் தக்காளி வண்டி ஸ்பீக்கரில் விலை சொல்லிக்கொண்டு போகும். படம் சும்மா இருக்கிற இடங்களை எல்லாம் வீட்டுச் சத்தம் நிரப்பிவிடும். தியேட்டரில் ஆட்டோவின் இன்ஜின் அணைந்ததும் நம் காது கூர்மையாகிவிடுகிறது. அடுத்து யார் வாயைத் திறப்பார்கள் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பயம்தான் அந்தப் படம்.

சூரி நடித்த பாண்டி வண்டியை நிறுத்தி, அன்னா பென் நடித்த மீனாவை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி "போதும்டா, விடுடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. அந்தக் குரலோடு சேர்ந்துதான் அந்தக் காட்சி எனக்குள் இருக்கிறது. இதை ஓடிடியில் எங்கே போய்த் தேடுவது?

டிசம்பர் 22, இரவு

"கொட்டுக்காளி சிவகார்த்திகேயன் கம்பெனி தயாரித்த படம். அது எப்படிச் சுயாதீனம்?" என்று ஒருவர் கேட்கிறார்.

பணம் யாருடையது என்பதை வைத்து நான் பார்ப்பதில்லை. படத்தின் கடைசி வடிவம் யார் கையில் இருந்தது என்று பார்க்கிறேன். ஒரு நட்சத்திரத்தின் கம்பெனி பணம் போட்டும், ஒரு பாட்டுகூட வைக்கச் சொல்லாமல், முடிவை மாற்றச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்றால் அது பெரிய விஷயம். வினோத்ராஜின் முதல் படம் கூழாங்கல் 2021-இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. அப்புறம் தியேட்டர் பக்கமே வராமல் நேராக ஓடிடிக்குப் போனது. அந்த வெயிலையும் புழுதியையும் ஆறு அங்குலத் திரையில் பார்த்தவன் நான். இரண்டாவது படத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்ததற்கே அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்வேன்.

இதைத் தியேட்டரில் விட்டிருக்கவே கூடாது என்று திரையுலகத்துக்குள்ளிருந்தே சொன்னார்கள். விழாவில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு படம், ஊரில் இருக்கிறவர்களுக்கு வேறு படம் என்று பிரித்துவைக்கிற பேச்சு அது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

டிசம்பர் 24

கீழே ஒருவர் "ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்தான் இந்த முறை இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்குப் போன படம்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. செப்டம்பரில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அனுப்பியது லாபதா லேடீஸ். பாயல் கபாடியா இயக்கிய ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்டில் பிரெஞ்சுத் தயாரிப்பும் உண்டு என்பதால் பிரான்ஸ் தன் குறும்பட்டியலில் வைத்திருந்தது. கடைசியில் அவர்களும் வேறு படத்தை அனுப்பினார்கள். கான் விழாவின் முக்கியப் போட்டிப் பிரிவுக்கு ஓர் இந்தியப் படம் போனது 30 வருஷத்துக்குப் பிறகு இதுதான். 1994-இல் ஷாஜி என். கருணின் ஸ்வாஹம் போயிருந்தது. பாயல் படம் கிராண்ட் பிரி வாங்கியது. ஆஸ்கர் கணக்கை இத்தோடு விட்டுவிடலாம், படத்தைப் பேசுவோம்.

நவம்பர் 22 அன்று நாடு முழுக்க வந்தது. நான் அடுத்த நாளே போனேன். மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்ஸ்கள், அதே மருத்துவமனையில் சமையல் செய்யும் ஒரு மராத்திப் பெண். மூத்த நர்ஸ் பிரபாவின் கணவன் ஜெர்மனிக்குப் போய்த் தொடர்பே இல்லை. ஒரு நாள் அங்கிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு ரைஸ் குக்கர் வருகிறது, கடிதம் இல்லாமல். சின்னவள் அனு, ஷியாஸ் என்ற முஸ்லிம் பையனைக் காதலிக்கிறாள். சமையல்காரப் பார்வதிக்கு, தான் வாழும் வீடு தன்னுடையது என்று காட்டக் காகிதம் இல்லை. பில்டர் விரட்டுகிறான்.

பெங்களூரில் இதைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. மலையாள வசனம் வந்தால் அரங்கத்தின் ஒரு பக்கம் முதலில் சிரிக்கிறது. சப்டைட்டில் படிக்கிறவர்களின் சிரிப்பு அரை நொடி தள்ளி வருகிறது. இந்தி வசனத்துக்கு மறுபக்கம் முந்திக்கொள்கிறது. டாக்டர் மனோஜ் இந்தி வராமல் திண்டாடும் இடத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் கன்னடம் தெரியாமல் பஸ் கண்டக்டர் முன்னால் நின்றவர்கள்தானே அங்கே பாதிப் பேர்.

படத்தின் தொடக்கத்தில் முகம் காட்டாத குரல்கள் வரும். பிழைக்க வந்தவர்கள் அந்த ஊரைப் பற்றி ஒவ்வொரு மொழியில் பேசுவார்கள். திரையில் இரவுச் சந்தையும் ரயிலும் ஓடிக்கொண்டிருக்கும். என் அப்பா 70-களில் வேலூரிலிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவரிடம் யாராவது மைக்கை நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். படம் முழுக்க மும்பைதான், பெங்களூரு மருந்துக்கும் இல்லை. இருந்தாலும் அந்தக் குரல்கள் என்னை அப்பாவிடம்தான் கொண்டுபோயின.

டிசம்பர் 25

"எப்போது போனாலும் காலை ஒன்பது மணிக் காட்சி, இல்லாவிட்டால் இரவு பதினொன்றுக்குத்தான் போடுகிறார்கள். வேலைக்குப் போகிறவன் எப்படிப் பார்ப்பது?" என்ற கேள்வி நியாயமானது. இரவுக் காட்சி முடிந்து வெளியே வந்தால் மெட்ரோ நின்றிருக்கும். ஆட்டோக்காரர் கேட்கும் தொகை டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2009-இல் இந்தித் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் பெரிய மோதல் வந்து, சில மாதம் புதுப் படமே வராமல் நின்றது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. முதல் வார வசூலில் படத்துக்காரருக்கு 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன் பிறகு 30. மொழிக்கு மொழி விகிதம் மாறலாம், ஆனால் வாரம் போகப் போக அவர் பங்கு குறைகிற ஏற்பாடு இது. பெரிய படம் முதல் மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போய்விடும். "நன்றாக இருக்கிறது, போய்ப் பார்" என்று வாய்வழியாக ஆள் சேர வேண்டிய படத்துக்கு இந்தக் கணக்கு நேர் எதிரி. போதாததற்கு ஒவ்வொரு திரைக்கும் டிஜிட்டல் கட்டணம் என்று வேறு கட்ட வேண்டும். ஆள் சேர்வதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், போவதென்றால் முதல் சனி ஞாயிறில் போய்விடுங்கள். திங்கட்கிழமை காட்சிகளைக் குறைப்பதா நீட்டுவதா என்று முடிவெடுப்பவர் அந்த இரண்டு நாள் இருக்கைகளைத்தான் எண்ணுகிறார்.

டிசம்பர் 27

ஜமா பற்றி எழுதாமல் இருந்தால் என் பெரியம்மா கோபித்துக்கொள்வார்.

பாரி இளவழகன் எழுதி இயக்கி நடித்த படம், இசை இளையராஜா, ஆகஸ்ட் மாதம் வந்தது. ஜமா என்றால் கூத்துக் குழு. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா ஒன்றில் கல்யாணம் என்பவன் பெண் வேஷம் கட்டுகிறவன். திரௌபதியாக ஆடி ஆடி நடை, கை, பேச்சு எல்லாம் அப்படியே ஆகிவிட்டது. யாரும் பெண் கொடுக்க மறுக்கிறார்கள். அவனுக்கோ அர்ச்சுனன் வேஷம் கட்ட வேண்டும், ஜமாவுக்கு வாத்தியாராக வேண்டும். சேத்தன் நடித்த தாண்டவம் விட மாட்டேன் என்கிறார்.

பெரியம்மா பிறந்தது வந்தவாசிப் பக்கம். கல்யாணமாகி ஸ்ரீராமபுரம் வந்தவர். பெரியப்பாவுக்குப் பின்னி மில்லில் வேலை. அவருக்கு முழங்கால் வலி, தியேட்டர் படி ஏற முடியாது. எனவே ஓடிடியில் வந்த பிறகு அவர் வீட்டிலேயே போட்டோம். படம் தொடங்கிய சில நிமிடத்தில் பேச ஆரம்பித்தவர், கடைசி வரை நிறுத்தவே இல்லை. "முகவீணைக்காரன் ஒழுங்கா ஊதுறான்." "இப்போ கட்டியங்காரன் வரணும், பாரு வரான்." "எங்க ஊர்ல பதினெட்டாம் போர் அன்னிக்கு விடிய விடிய கொட்டாயிலயே கெடப்போம்டா, வீட்டுக்கே போக மாட்டோம்." நடுவில் படத்தை நிறுத்தச் சொல்லி, அவருடைய தாய்மாமன் ஊரில் திரௌபதி வேஷம் கட்டிய ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவர் கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லையாம். "யாரும் கேலி பண்ண மாட்டாங்க, ஆனா பொண்ணும் குடுக்க மாட்டாங்க. ராத்திரி விழுந்து கும்பிடுவாங்க. காலையில டீக்கடையில உக்கார இடம் குடுக்க மாட்டாங்க."

அப்புறம் பெங்களூருக் கரகத் திருவிழா பற்றிப் பேச்சு போனது. பெங்களூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். சித்திரை முழுநிலவன்று நள்ளிரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் கிளம்பும். திகளர் சமூகத்தின் வேர் தமிழ்நாட்டுப் பக்கம்தான் என்பார்கள். கரகத்தைத் தலையில் சுமப்பவர் ஆண். புடவை, வளையல், பூ, தாலி எல்லாம் அணிந்து அன்று அவர்தான் திரௌபதி. வீரகுமாரர்கள் கத்தியோடு கூட ஓடி வருவார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் கரகம் கோயிலுக்குத் திரும்பும். போன ஏப்ரலில் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். மல்லிகை மழையாக விழுந்தது. பெண் வேஷத்தில் இருக்கும் ஓர் ஆணை லட்சக்கணக்கானவர்கள் அம்மனாகக் கும்பிடும் ஊர் இது. அதே பாரதக் கதையின் அதே வேஷத்தைக் கட்டும் கல்யாணத்துக்கு ஊர் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஜமா எவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

கடைசியில் குந்தியாக அவன் அழுகிற இடத்தில் மட்டும் பெரியம்மா பேசவில்லை.

டிசம்பர் 28

ஒயிட்ஃபீல்டு நண்பர் விடவில்லை: "பார்த்தீர்களா, ஜமாவை வீட்டில்தானே ரசித்தீர்கள்?"

ராத்திரி இதைப் பற்றி யோசித்தேன். கூத்து பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டே பார்ப்பவர்கள். வெற்றிலை போடுவார்கள், குழந்தையைத் தூங்க வைப்பார்கள், கட்டியங்காரனுக்குப் பதில் சொல்வார்கள். ஜமா அந்த வழியில் வந்த படம், பேச்சைத் தாங்கும். கொட்டுக்காளி தாங்காது. ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். சின்னப் படம் என்றாலே தியேட்டர் என்று இல்லை. எந்தப் படம் நம்மை வாயடைத்து உட்காரச் சொல்கிறதோ, அதற்குத் தியேட்டர் வேண்டும். இரண்டு படத்துக்குமே பொதுவாக ஒன்று உண்டு, தனியாகப் பார்க்கக் கூடாது. காதில் இயர்ஃபோனோடு ஆபீஸ் கேபில் உட்கார்ந்து ஜமா பார்த்திருந்தால் எனக்கு அந்தத் தாய்மாமன் ஊர்க்காரர் கிடைத்திருக்க மாட்டார்.

டிசம்பர் 30

பாரடைஸ். இந்த வருஷம் தமிழர்கள் அதிகம் கவனிக்காமல் விட்ட படம் எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

இயக்குநர் பிரசன்ன விதானகே இலங்கைக்காரர். 2023-இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கி, இங்கே ஜூன் 28 அன்று வெளியானது. ஒளிப்பதிவு ராஜீவ் ரவி, படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். மெட்ராஸ் டாக்கீஸ் வெளியிட்டது. மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் நான்கும் கலந்து வரும். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி சமயத்தில், டீசல் இல்லாமல் மின்சாரம் இல்லாமல் ஜனங்கள் தெருவில் இறங்கியிருக்கும்போது, கேரளத் தம்பதி ஒன்று இராமாயண இடங்களைச் சுற்றிப் பார்க்க அங்கே போகிறது. இலங்கை ரூபாயின் மதிப்பு சரிந்து கிடக்கிறதே, சுற்றுலாவுக்கு மலிவு. அறையில் திருட்டு நடக்கிறது. கணவனுக்கு லேப்டாப் திரும்ப வேண்டும். போலீஸ்காரருக்கு யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டும். கொண்டுவந்து நிறுத்தப்படுபவர்கள் தோட்டத்துத் தமிழர்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் ஊர் சுள்ளியா. அவருடைய தாத்தா 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் கண்டிப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டு, கர்நாடக அரசின் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் அப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பெங்களூருத் தமிழர்கள் பலருக்கே இது தெரியாது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று பங்கு போட்டார்கள்.

படத்தில் அந்தத் தோட்டத் தொழிலாளிகள் பேசுவது கொஞ்சம்தான். அரங்கத்தில் பெரும்பாலும் மலையாளிகள், அவர்கள் சப்டைட்டில் படித்தார்கள். என் நண்பர் திரையைப் பார்க்காமல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "எங்க தாத்தா சார்ஜெண்டுகிட்ட இப்படித்தான் பேசுவாராம். குரலைத் தாழ்த்தி, 'ஐயா ஐயா'ன்னு" என்றார். பஸ் ஸ்டாப் வரை வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்தார். கணவன்மேல் அவருக்குப் பெரிய கோபம் இல்லை. "அவனுக்கு அந்த ஆளுங்க முகமே கண்ணுல படல. லேப்டாப் மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார். படத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நான் படித்த எதையும்விட இது சரியாக இருந்தது.

கடைசிக் காட்சியில் என்ன நடந்தது, மனைவி வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், அதை இங்கே அவிழ்க்க வேண்டாம்.

டிசம்பர் 31

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் கன்னடச் சின்னப் படங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். மார்க்கெட்டில், ஆபீசில், ஆர்டிஓவில் கன்னடம் பேசத் தெரிந்த நமக்கு, தியேட்டரில் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

மார்ச் மாதம் ஃபோட்டோ என்று ஒரு படம் வந்தது. உத்சவ் கோன்வார் இயக்கியது. பிரகாஷ் ராஜ் கைகொடுத்து வெளியே கொண்டுவந்தார். ராய்ச்சூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவனுக்கு கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். பையன் வருகிறான், 2020 ஊரடங்கும் வருகிறது. அப்பாவும் பிள்ளையும் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறார்கள். பெங்களூரிலிருந்து ராய்ச்சூர் சுமார் 400 கிலோமீட்டர்.

விதான சௌதா வழியாகத் தினம் பஸ்ஸில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். படம் பார்த்த பிறகு அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் சிக்னலைத்தான் பார்ப்பேன்.

ஜூனில் வந்த சிவம்மா இன்னொரு வகை. ஜெய்சங்கர் ஆர்யர் இயக்கியது, ரிஷப் ஷெட்டி தயாரிப்பு, 2022 பூசான் விழாவில் நியூ கரன்ட்ஸ் விருது. வட கர்நாடக ஊர் ஒன்றில் ஒரு நடுத்தர வயதுப் பெண், நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சத்துபானம் விற்று முன்னேறிவிடலாம் என்று நம்பி இருக்கிற காசை எல்லாம் போடுகிறாள். ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார், முதலில் நாற்காலி போடுவோம், பிறகு அவரைக் கண்டதும் கதவைச் சாத்துவோம். அப்படிப்பட்டவரின் பக்கம் நின்று எடுத்த படம். ஊர்க்காரர்களே நடித்திருக்கிறார்கள். அந்தக் கன்னடம் பெங்களூருக் கன்னடம் இல்லை, எனக்கே பாதி சப்டைட்டில் தேவைப்பட்டது. அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

2025 ஜனவரி 2

ஆட்டம் என்ற மலையாளப் படத்தை "டிவி நாடகம் மாதிரி, ஒரே அறையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஒருவர் ஒதுக்கிவிட்டார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் ஜனவரி 5 அன்று வந்தது, வருஷத்தின் முதல் நல்ல படம். ஆனந்த் ஏகர்ஷிக்கு இது முதல் படம். ஆகஸ்டில் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு மூன்றும் இதற்கே. ஒரு நாடகக் குழு, பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். ஓர் இரவு அவளிடம் யாரோ அத்துமீறுகிறார்கள். யார் என்று கண்டுபிடித்து என்ன செய்வது என ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். முதலில் எல்லோருமே நல்லவர்கள், நியாயம் கேட்கிறவர்கள். வெளிநாட்டுக்கு நாடகம் போட வாய்ப்பு வருகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு நியாயமாக இடம் மாறுகிறது. ஒருவன் "ஆதாரம்" என்கிறான், ஒருவன் "குழுவின் பெயர்" என்கிறான், ஒருவன் "அவள் கொஞ்சம் குடித்திருந்தாளே" என்கிறான்.

ஒரே அறைதான். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து ஜன்னலோரம் போகிறார்கள், யார் பேச்சு வார்த்தையின்போது கண்ணைத் தாழ்த்துகிறார்கள் என்று பன்னிரண்டு பேரையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெரிய திரையில் நானே ஒருவனை விட்டு இன்னொருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பணிபுரிந்த ஒரு பழைய அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. விஷயம் வேறு, ஆனால் இடம் மாறிய வாக்கியங்கள் இவையேதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஜனவரி 5

ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் 3-ஆம் தேதி ஓடிடியில் வந்துவிட்டது. எங்கள் மாடியில் குடியிருக்கும் கோட்டயத்துப் பெண், இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து போனில் மூன்று தவணையாகப் பார்த்தாளாம். படிக்கட்டில் பார்த்தபோது, "சேட்டா, நீங்க சொன்ன படம் பார்த்தேன்" என்றாள்.

அவளுக்குப் பிடித்தது என்னவென்று கேட்டால் நான் நினைத்ததே இல்லை. ரிசப்ஷன் மேசையில் சலிப்போடு உட்கார்ந்து ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதன்மேல் எல்லாம் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அனு. நஞ்சுக்கொடியைக் காட்டிப் பாடம் எடுக்கையில் குமட்டும் பயிற்சி நர்ஸ்கள். "நாங்களும் முதல்ல இப்படித்தான் ஓடினோம்." குறையும் சொன்னாள். பிரபா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அவ்வளவு நேரம் ஜன்னலோரம் நிற்கிறாளே, கால் வலிக்காதா? எங்களுக்கு வந்தவுடன் படுக்கத்தான் தோன்றும்.

கணவன் அனுப்பிய குக்கரைப் பிரபா தரையில் உட்கார்ந்து கட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றிக் கேட்டேன். "அந்த இடத்துல ஹாஸ்பிட்டல்ல இருந்து போன் வந்துது. கட் பண்ணிட்டுத் திரும்பிப் போட்டேன், அப்புறம் வேற சீன்" என்றாள். அவளுக்குப் படம் பிடித்திருக்கிறது. அந்தக் காட்சி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. யார் படமோ அவர்களுக்கே அது துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்கிறது என்பது என்னை மிகவும் வருத்தியது. அவளுடைய ஷிஃப்டுக்கு ஒத்துவரும் நேரத்தில் எந்தத் தியேட்டரிலும் காட்சி இருந்ததில்லை.

பாயல் படத்தில் பிரபாவாக வரும் கனி குஸ்ருதியை, டிசம்பரில் ஓடிடிக்கு வந்த கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ் படத்திலும் பார்க்கலாம். சுசி தலாட்டி இயக்கியது. மலையோரப் பள்ளியில் படிக்கும் பெண்ணின் அம்மாவாக வருகிறார். பிரபா ஒவ்வொரு சொல்லையும் விழுங்குகிறவள். இந்த அம்மாவோ மகளின் சிநேகிதனோடு உட்கார்ந்து கலகலவென்று பேசுகிறாள். இந்தியாவில் இந்தப் படம் தியேட்டருக்கு வந்திருந்தால், அம்மாவும் மகளுமாகப் போனவர்கள் திரும்பும் வழியில் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஜனவரி 12

கொட்டுக்காளியின் முடிவு பற்றி இன்னும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "பாதியில் நிறுத்திவிட்டார்கள்" என்பது பொதுவான புகார்.

தியேட்டரில் நான் அந்த முடிவைப் பாண்டியின் பக்கமிருந்து பார்த்தேன். சாமியார் இன்னொரு பெண்ணைத் தொடும் விதத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறுகிறது. அவன் திருந்திவிடுவானா, மீனாவைத் திரும்பக் கூட்டிப் போவானா என்றுதான் அப்போது தோன்றியது. போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்த முறை மீனாவைத்தான் கவனித்தேன். அவன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவள் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. வழியை மறித்து நின்ற மாட்டை ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாளே, அத்தனை ஆண்களும் பயந்து நின்ற இடத்தில். படத்தின் விடை ஏதாவது இருக்கிறது என்றால் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 20

"எல்லாம் சரி, ஒரே ஒரு படம்தான் கேட்டேன்" என்று ஒயிட்ஃபீல்டு நண்பர் நினைவூட்டுகிறார். பாரடைஸ். தியேட்டரில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவரோடு சேர்த்துத்தான் அந்தத் தேர்வு. அவர் இல்லாமல் போயிருந்தால் கொட்டுக்காளி என்று சொல்லியிருப்பேன்.

2025 மார்ச் 1 முதல் 8 வரை பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழா, ராஜாஜிநகர் ஓரியன் மாலில். பாஸ் இருந்தாலும் வரிசையில் நின்றுதான் உள்ளே போக வேண்டும், எனவே அரை மணி முன்னாலேயே வந்துவிடுங்கள். சாண்டல் சோப் ஃபேக்டரி மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். சுள்ளியா நண்பர் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாற வேண்டும். எந்த நாள் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.